யாருக்கு அந்தப் படுக்கை

என் மாமா சென்னிமலையில் கைத்தறி போட்டவர். இப்போது செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் ஈரோட்டுக்குப் பஸ் ஏறுகிறார். தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். சனிக்குப் பிறகு வருகிற இரண்டு நாள் இடைவெளிதான் மோசம். திங்கள் ராத்திரி கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். மறுநாள் ஆஸ்பத்திரியில் முதல் வேலை எடை பார்ப்பது. ஏறியிருக்கிற எடையெல்லாம் குடித்த தண்ணீர்.

மெஷினில் நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். "எனக்குப் பக்கத்துலயே அத்தனை தண்ணிய ஓட்டறாங்க கண்ணு, எனக்குன்னா ஒரு சொம்புக்குக் கணக்குப் பாக்கறாங்க" என்பார். சுற்றிலும் தென்னந்தோப்பு, இளநீர் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

துணைக்குப் போய் உட்கார்ந்த நேரத்தில்தான் இந்த மெஷினின் கதையைப் படித்தேன். நெதர்லாந்தின் காம்பன் நகரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1943ல், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இதை ஓட்டினார். இறைச்சி அடைக்கிற செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945ல் 67 வயதுப் பெண் ஒருவர் மயக்கம் தெளிந்து எழுந்தார்.

ஆனால் அது சில நாள் தாக்குப்பிடிக்க வைக்கும் வைத்தியம்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக்குழாயை அறுக்க வேண்டும், அறுக்க இடம் தீர்ந்துவிடும். 1960ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையிலேயே நிரந்தரமாக ஒரு டெஃப்ளான் குழாயைப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 வருடம் வாழ்ந்தார். அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. ஆயுசு முழுக்கப் படுக்கை தேவைப்படுகிறவர்கள் வரிசையில் நிற்க, படுக்கையோ சில. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஏழு பேர் கமிட்டி போட்டார்கள். வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், ஒரு இல்லத்தரசி எல்லாம் அதில் உண்டு. வருமானம், பிள்ளைகள் எத்தனை, சர்ச்சுக்குப் போவாரா என்பதுவரை பார்த்தார்கள். 1962ல் 'லைஃப்' பத்திரிகை இதை எழுதியபோது ஊரே அதிர்ந்தது. 1972ல் அமெரிக்க அரசு செலவை ஏற்கச் சட்டம் போட்டது.

இங்கே வேலூர் சிஎம்சியில் 1960களிலேயே டயாலிசிஸ் வந்துவிட்டது. சாதாரண மனிதருக்கு அது எட்ட ரொம்ப காலமாயிற்று. இன்று முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் உண்டு, 2016ல் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் வந்தது. நிஜமாகவே பெரிய விஷயம். இதை மட்டம் தட்டி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் கமிட்டி போய்விடவில்லை, நம்மூரில் அது வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு 156 நாள் பஸ் காசு வேண்டும். கூட ஒருத்தர் வந்தால் அவர் கூலியும் போச்சு. பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒருவர் வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்தார். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை. எந்தக் கமிட்டியும் அவரை நிராகரிக்கவில்லை.

மாமாவுக்கு நடந்தது வேறு. 1966ல் நியூயார்க்கில் பிரெஸ்சியாவும் சிமினோவும் ஒரு வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்தால் சிரை தடித்துவிடும், ஊசி போடச் சுலபம். (அறுவை செய்தவர் கென்னத் ஆப்பெல். இன்றும் அதை மற்ற இருவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.) உலகம் முழுக்க இப்போதும் இதைத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் இடது கையில், எழுதுகிற கை தப்பட்டும் என்று.

தறியில் ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும், மறு கை அச்சை அடித்து ஊடையை இறுக்கும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான அடி. மாமாவுக்கு அடிக்கிற கை இடது. அந்தக் கைக்குப் பாரம் கூடாது, அழுத்தம் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்து வலது கையால் அச்சைப் பிடித்துப் பார்த்தார். பாதி நெய்த பெட்ஷீட் ஒன்று அதில் இருந்தது. நாலு அடி அடித்தார், ஊடை கோணிக்கொண்டது. அதைப் பிரித்துவிட்டு எழுந்தார். அந்தப் பாவை அத்தைதான் நெய்து முடித்தார், செவ்வாய் வியாழன் சனி போக மிச்ச நாட்களில்.