இரண்டாவது கடை

சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நான் இன்னும் சந்தித்ததில்லை. வேதாந்தம் பேசுகிறவர்களும் கத்திரிக்காய் வாங்கும்போது காசை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, அமெரிக்காவின் சின்னஞ்சிறு ஊர்களில் மலிவாக விற்கும் கடை ஒன்று வரப் போகிறது என்றால் ஊரே இரண்டுபட்டுப் போகிறதே, அது ஏன்? கூட்டம் போடுகிறார்கள், ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள், கோர்ட்டுக்கும் போகிறார்கள். நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சண்டையின் சரித்திரம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அதைப் படிக்கப் படிக்க, வேடிக்கை குறைந்து யோசனை அதிகமாகிறது.

முதலில் தள்ளுபடிக் கடை என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஆடி மாதத்தில் மட்டும் விலையைக் குறைத்துவிட்டு ஆவணியில் பழையபடி ஏற்றிக்கொள்கிற கடை அல்ல அது. ஆண்டு முழுவதும், எல்லாச் சாமானுக்கும், அக்கம்பக்கத்துக் கடைகளை விடக் குறைந்த விலை. ஒரு சாமானில் கிடைக்கும் லாபம் சொற்பம். விற்கும் சாமான்களோ மலை மலையாக. இதுதான் அதன் சூத்திரம்.

அமெரிக்கக் கதைகளிலும் சினிமாக்களிலும் கிராமத்துக் கடைக்காரர் பெரும்பாலும் நல்லவராகவே வருவார். மூக்குக் கண்ணாடியும் வெள்ளை மேலங்கியுமாகக் கல்லாவுக்குப் பின்னால் நின்று, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஓர் ஆசாமி கிடைத்தால் விட மனம் வராது. என்றாலும் சரித்திரம் கதாசிரியனைப்போல் அவ்வளவு இளகிய மனம் படைத்தது அன்று.

உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. தெற்கு மாகாணங்களில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் ஏழை வெள்ளைக் குடியானவர்களும் பருத்தி பயிரிட்டுப் பிழைத்தார்கள். கையில் காசு கிடையாது. விதை, மாவு, இறைச்சி, துணி எல்லாம் ஊர்க் கடையில் கடன்தான். அதற்கு ஈடு, இன்னும் விளையாத பருத்தி! கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு விலை இருந்தது. ரொக்க விலை ஒன்று, கடன் விலை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 சதவிகிதம் ஆகிறது என்று, ஜார்ஜியா மாகாணத்துக் கணக்குகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அறுவடையானதும் பருத்தியை எடுத்துக்கொள்கிறவர் கடைக்காரர். கணக்கு எழுதுகிறவரும் அவரே. வேறு கடைக்குப் போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. பயிரை ஒருவரிடம் ஈடு வைத்தவனுக்கு இன்னொருவர் கடன் கொடுக்க மாட்டார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அங்கே இலுப்பைப்பூவைச் சர்க்கரை விலைக்கு மேல் விற்றார்கள்.

அந்த ஊர்களுக்கு முதன்முதலாக இரண்டாவது கடை ஒன்று வந்தது தபாலில்! சிக்காகோவில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872-ல் ஒற்றைத் தாளில் ஒரு விலைப்பட்டியல் அச்சடித்துக் குடியானவர்களுக்கு அனுப்பினார். பிறகு சியர்ஸ், ரோபக் கம்பெனி வந்தது. 1890-களின் நடுவில் அதன் பட்டியல் 500 பக்கங்களைத் தாண்டிவிட்டது. கைக்கடிகாரம் முதல் கலப்பை வரை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலை அச்சிலேயே உண்டு. 1896-ல் சர்க்கார் கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. 1913-ல் தபால் பார்சலும் வந்தது.

இதனால் யாருக்கு அதிக நன்மை? தெற்கிலிருந்த கறுப்பின மக்களுக்கு. ஊர்க் கடையில், வெள்ளைக்காரர் அனைவரும் வாங்கிப் போகும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். தபாலுக்கு நிறம் தெரியாது. இதைப் பொறுக்காத கடைக்காரர்கள் சிலர், சியர்ஸ் முதலாளியே கறுப்பர்தான் என்று வதந்தியைக் கிளப்பினார்கள். பட்டியல்களைக் கொண்டுவரச் சொல்லித் தீயிலிட்டுக் கொளுத்தியதும் உண்டு. ஆகவே, மலிவு விலைக்கு எதிராக எழுந்த முதல் கூச்சல் முழுவதும் ஊர்ப்பற்றினால் எழுந்தது என்று நாம் நம்பிவிட வேண்டியதில்லை.

அடுத்து வந்தவை சங்கிலிக் கடைகள். ஒரே கம்பெனி, ஊருக்கு ஊர் கிளை. ஏ அண்டு பி என்ற மளிகைக் கம்பெனிக்கு மட்டும் 1930-ல் 15,000-க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. லூயிசியானாவில் ஹெண்டர்சன் என்பவர் தமது சொந்த ரேடியோ நிலையத்திலிருந்து இரவுதோறும் சங்கிலிக் கடைகளைத் திட்டித் தீர்த்தார். இந்தியானா மாகாணம் 1929-ல் இக்கடைகளுக்குத் தனி வரி போட்டது. 1931-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. டெக்ஸாஸ் பிரதிநிதி ரைட் பாட்மன் முன்னின்று, பெரிய கம்பெனிகள் மட்டும் மொத்த வியாபாரிகளிடம் விசேஷச் சலுகை பெறுவதைத் தடுக்க 1936-ல் சட்டம் கொண்டுவந்தார். மறு ஆண்டு வந்த மற்றொரு சட்டத்தால், உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று மாகாணங்கள் கட்டுப்படுத்த முடிந்தது.

ஆனால் ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? கலிபோர்னியாவில் 1936-ல் சங்கிலிக் கடை வரியைப் பற்றி வோட்டெடுத்தார்கள். வரி வேண்டாம் என்றே ஜனங்கள் தீர்ப்பளித்தார்கள். மேடையில் சிறு கடைக்காரருக்குக் கைதட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் சங்கிலிக் கடையில் சாமான் வாங்குவது மனித சுபாவம். அதைக் கபடம் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கொள்கை ஒரு பக்கம், மாதச் செலவு ஒரு பக்கம்.

இந்த மனித சுபாவத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் சாம் வால்டன். 1918-ல் பிறந்த இவர், யுத்தம் முடிந்த 1945-ல், ஆர்க்கன்ஸா மாகாணத்து நியூபோர்ட் என்ற ஊரில் ஒரு சில்லறைக் கடையை வாங்கினார். ஏழாயிரம் பேர் வசிக்கும் ஊர். பெண்களின் உள்ளாடை விற்ற கதையை அவரே தம் சுயசரிதையில் சொல்கிறார். வழக்கமான இடத்தில் டஜன் இரண்டரை டாலர். நியூயார்க்கில் ஒருவரிடம் இரண்டு டாலருக்குக் கிடைத்தது. மற்றவர்கள்போல் டாலருக்கு மூன்று என்று விற்றால் டஜனுக்கு இரண்டு டாலர் லாபம். வால்டன் டாலருக்கு நான்கு என்று விற்றார். டஜனுக்கு ஒரு டாலர்தான் நின்றது. ஆனால் சரக்குப் பறந்துபோயிற்று! செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா என்று நாம் கேட்பதுண்டு. இரண்டும் இல்லை, விலை மிடுக்குத்தான் என்று அவர் கண்டுகொண்டார்.

கடை நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததே வினையாயிற்று. இடத்தின் சொந்தக்காரர் தம் மகனுக்கு வேண்டும் என்று குத்தகையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். வால்டன் 1950-ல் ஊரை விட்டுப் பென்டன்வில் என்ற இன்னும் சிறிய ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஒரு சிற்றூரில் கடை இழந்தவரே பிற்காலத்தில் எத்தனையோ சிற்றூர்க் கடைகள் மூடக் காரணமானார் என்பதைக் கதையில் எழுதினால், ஜோடனை என்று வாசகர்கள் சொல்வார்கள்.

1962-ஆம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, ரோஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கேமார்ட், டார்கெட் என்ற வேறு இரண்டு பெரிய தள்ளுபடிக் கடைகளும் பிறந்தன. கேமார்ட் ஐம்பதாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வால்டனோ ஐயாயிரம் பேர் உள்ள ஊர்களைத் தேடிப் போனார். நடுவே ஒரு கிடங்கு. லாரி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் சுற்றிலும் கடைகள். இப்படி வட்டம் வட்டமாகப் பரவி, 1990-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வியாபாரம் அவருடையதாயிற்று.

கிராமத்தாருக்கு லாபம் இல்லாமலா இது நடந்தது? நிச்சயமாக லாபம் உண்டு. பட்டணத்துக்காரருக்குக் கிடைத்த அதே சாமான் அதே விலையில் அவர்களுக்கும் கிடைத்தது. பற்பசை, ஆஸ்பிரின், சலவைத்தூள் போன்றவற்றின் விலை வால்மார்ட் வந்த நகரங்களில் குறைந்ததென்றும், நாளாக ஆக இன்னும் குறைந்ததென்றும் எமெக் பாஸ்கர் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் 2005-ல் எழுதினார். வேலைகளைப் பற்றி அவர் கண்டது: கடை திறந்த ஆண்டில் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 100 வேலைகள் கூடுகின்றன, மற்றக் கடைகள் சுருங்கி மூடிப்போவதால் ஐந்தாண்டுகளுக்குள் அதில் பாதி மறைந்துவிடுகிறது.

நஷ்டம் எங்கே விழுந்தது என்பதை அயோவா ஸ்டேட் சர்வகலாசாலைப் பேராசிரியர் கெனத் ஸ்டோன் கணக்கிட்டார். அயோவா மாகாணத்துக்கு 1983-ல் முதல் வால்மார்ட் வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அம்மாகாணத்தில் 555 மளிகைக் கடைகளும், 298 இரும்புச் சாமான் கடைகளும், 161 சில்லறைச் சாமான் கடைகளும், 153 செருப்புக் கடைகளும் குறைந்துபோயின. இத்தனைக்கும் ஒரே கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அதே காலத்தில் விவசாயம் நொடித்து, ஜனங்கள் அயோவாவை விட்டே போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் ஸ்டோன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் மனத்தில் தைத்தது. கடை வந்த ஊரின் மொத்த வியாபாரம் கூடியது. அங்கே ஓட்டல்களுக்கும் மரச்சாமான் கடைகளுக்கும்கூட லாபம். அழிந்தது பக்கத்து ஊர்! கடை வருவதா வேண்டாமா என்ற கூட்டத்தில் அந்தப் பக்கத்து ஊருக்கு ஒரு வோட்டும் கிடையாது.

ஆர்க்கன்ஸாவிலேயே கான்வே என்ற ஊரில் மூன்று மருந்துக் கடைக்காரர்கள் வால்மார்ட்மீது வழக்குத் தொடுத்தார்கள். அடக்க விலைக்கும் கீழே விற்றுத் தங்களை ஒழிக்கப் பார்க்கிறது என்பது புகார். 1993-ல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. 1995-ல் மாகாண சுப்ரீம் கோர்ட் நான்கு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. மலிவாக விற்றது உண்மை, போட்டியை அழிக்கும் நோக்கம் நிரூபணமாகவில்லை என்றது. முதல் நீதிபதி கவனித்த விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? போட்டிக் கடைகள் அதிகமுள்ள ஊரில் ஒரு விலை, குறைவாக உள்ள ஊரில் ஒரு விலை என்று ஒரே கம்பெனியின் விலைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன என்பதுதான்.

அப்படியானால் விலையைக் குறைத்து வைத்தது யார்? பெரிய கடையின் தாராள மனம் மட்டும் அன்று. எதிரே இன்னும் மூடாமல் இருந்த சின்னக் கடையும்தான். பட்டியல் வந்தபோது ஊர்க் கடையின் கொட்டம் அடங்கியதற்கும் இதே காரணம்தான். ஜனங்களுக்கு நல்ல காலம் என்பது எப்போதும் இரண்டு கடைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் காலம்.

ஒரே கடையாகிவிட்ட பிறகு என்ன ஆகும்? வட கரோலினாவில் ஓரியண்டல் என்று ஒரு கடலோரச் சிற்றூர். ஏறக்குறைய 900 பேர் வசிப்பது. 2014-ல் அங்கே வால்மார்ட் தன் சிறிய ரகக் கடை ஒன்றைத் திறந்தது. பல ஆண்டுகளாக ஊருக்குச் சோறு போட்ட மளிகைக் கடையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2015 அக்டோபரில் மூடிவிட்டார்கள். மூன்று மாதம் ஆகவில்லை. 2016 ஜனவரியில், இந்தச் சிறிய ரகக் கடைகள் 102-ஐயும் ஒருசேர மூடுவதாகத் தலைமை அலுவலகம் அறிவித்தது. அந்த ஊருக்கு அப்போது பழைய கடையும் இல்லை, புதுக் கடையும் இல்லை. கார் ஓட்ட முடியாத கிழவி ஒருத்தி மருந்துக்கும் ரொட்டிக்கும் அடுத்த ஊருக்கு எப்படிப் போவாள் என்பது கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் வராது. ஓக்லஹோமாவில் நொவாட்டா என்ற ஊருக்கு 1994-லேயே இதே அனுபவம் நேர்ந்தது. அடுத்த பெரிய ஊரில் இன்னும் பெரிய கடை கட்டியாயிற்று, இங்கே எதற்கு என்று மூடிவிட்டார்கள். கம்பெனியின் கணக்குப்படி இரண்டும் சரியான முடிவுகளே. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அந்த ஊரில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

வால்மார்ட்டும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இப்போது டாலர் ஜெனரல் வருகிறது. கென்டக்கியில் 1955-ல், எந்தச் சாமானும் ஒரு டாலருக்கு மேல் இல்லை என்று சொல்லித் திறந்த கடை அது. 2024-ல் அதன் கடைகள் 20,000-ஐத் தாண்டின. வேறு கடையே இல்லாத குக்கிராமத்துக்கு அது உபகாரம்தான். ஆனால் பழைய மளிகைக் கடை தள்ளாடிக்கொண்டிருக்கும் ஊரில் அது வந்தால், டப்பாவும் பொட்டலமும் மிஞ்சிப் பச்சைக் காய்கறி போய்விடுகிற அபாயம் உண்டு.

இதற்கு மாற்றுத் தேடியவர்களும் இருக்கிறார்கள். வயோமிங்கில் பவல் என்ற ஊரில் துணிக்கடை மூடிப்போனபோது, ஜனங்களே 500 டாலர் பங்குகள் வாங்கி 2002-ல் சொந்தமாக ஒரு கடை திறந்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அது நடந்தது. விலையில் அது வால்மார்ட்டை வென்றுவிடவில்லை. ஆனால் கடையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்பதை ஊர்க்காரர்கள் ஊரிலேயே உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

தள்ளுபடிக் கடை நல்லதா, கெட்டதா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. பழைய கடைக்காரரிடம் அகப்பட்டுத் தவித்தவனுக்கு அது விமோசனம். ஏழைக்கு மாதக் கடைசியில் நாலு டாலர் மிச்சம் என்பது சாதாரண விஷயமா? ஆனால் அந்த மிச்சம், ஊரில் வேறொரு கடையும் உயிரோடு இருக்கும் வரைதான் நிச்சயம். ஆகையால் புதுக் கடைக்கு இடம் கொடுக்கக் கூடும் ஊர்ச் சபையார், என்ன விலைக்கு விற்பாய் என்று மட்டும் கேட்டால் போதாது. ஐந்து வருஷம் கழித்து எங்கள் ஊரில் எத்தனை கடை இருக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லத்தரசிகளும், மலிவுக் கடைக்குப் போகிற வழியில் பழைய கடையிலும் வாரத்துக்கு ஒரு பொருளாவது வாங்கி வருவது நல்லது. தருமத்துக்காக அல்ல, மலிவுக் கடை மலிவாகவே இருப்பதற்காக.