ஆபீஸ் உண்டியலும் சிவப்பு மூக்கும்



உங்களில் பலர் இன்று பெரிய கம்பெனிகளில் இருக்கிறீர்கள். ஆபீசில் கேக் விற்பனை, மாறுவேடப் போட்டி, ஓட்டப் பந்தயம் என்று எதையாவது நடத்தி, சேர்ந்த பணத்தை ஓர் ஆஸ்பத்திரிக்கோ இல்லத்துக்கோ கொடுக்கிறீர்கள். படங்களைப் பார்த்து மகிழ்கிறேன். ஆனால் உறவினர் ஒருவர் கேட்டார்: "தர்மம் செய்ய எதற்கு இந்தக் கூத்து? பணத்தை நேராகக் கொடுத்தால் ஆகாதா?" நியாயமான கேள்வி. வரலாறு நடத்தியவனுக்குப் பதிலும் வரலாற்றில்தானே கிடைக்கும்?

முதலில் டென்மார்க்கின் ஒரு தபால் ஆபீசுக்குப் போவோம். 1903 டிசம்பர். ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியர், மலைபோல் குவிந்த கிறிஸ்துமஸ் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. இத்தனை உறைகளிலும் தபால்தலையோடு ஒரு சின்ன வில்லையும் ஒட்டினால், அந்தக் காசு நோயுற்ற பிள்ளைகளுக்கு ஆகுமே என்று அவருக்குத் தோன்றியது. மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் சம்மதித்தார். 1904இல் மறைந்த அரசி லூயிசின் படத்தோடு வில்லை வந்தது. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பணத்தில் கோல்டிங் என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் காசநோய் ஆஸ்பத்திரி எழுந்தது.

இந்த யோசனை கடல் தாண்டியது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு சிறிய காசநோய் விடுதி 300 டாலர் இல்லாமல் மூடும் நிலையில் இருந்தது. 1907இல் எமிலி பிசெல் என்ற அம்மையார் வில்லை அச்சடித்து, ஒன்று ஒரு சென்ட் என்று தபால் ஆபீசில் மேசை போட்டு விற்றார். சேர்ந்தது சுமார் 3,000 டாலர், தேவையைப் போல் பத்து மடங்கு! நம் நாட்டில் இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950இல் இதைத் தொடங்கியது. பள்ளியில் நீங்கள் சில்லறை கொடுத்து வாங்கிய டி.பி. வில்லை இந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஒரு சென்ட் என்ற விலையைக் கவனியுங்கள். இல்லாதவரும் கூச்சமில்லாமல் கொடுக்கலாம். இருப்பவர் நூறு வாங்கினாலும் அவர் உறையில் ஒட்டுவது அதே வில்லைதான்.

ஆனால் வேலை செய்யும் இடத்தில் வசூல் என்றால் ஒரு சிக்கல் உண்டு. நம் கொடி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி, முப்படை வீரர் குடும்பங்களுக்காகத் திரட்டும் நிதி. நோக்கத்தில் குறையே இல்லை. ஆனால் மாவட்டம்தோறும் வசூல் இலக்கு என்று ஒன்று வைக்கிறார்கள். இலக்கு என்று வந்துவிட்டால், அது மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் யாரோ ஒரு கடைநிலை ஊழியரின் மேசைக்குத்தான் வரும். எந்த ஆபீசிலும் இதுதான் கதை. உண்டியலை நீட்டுகிறவரே லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிறவராகவும் இருந்தால் "இல்லை" என்று எப்படிச் சொல்வது? அங்கே தர்மம் வரியாகிவிடுகிறது.

இந்த முடிச்சைச் சிரிப்பு எப்படி அவிழ்த்தது என்பதை இங்கிலாந்தில் பார்க்கலாம். எத்தியோப்பியப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த காலம். எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிசும் நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றியும் காமிக் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1985 கிறிஸ்துமஸ் அன்று சூடானின் ஓர் அகதி முகாமிலிருந்து பி.பி.சி.யில் அது அறிவிக்கப்பட்டது. 1988 பிப்ரவரி 5 அன்று முதல் சிவப்பு மூக்கு நாள். கோமாளியின் சிவப்பு மூக்கை வாங்கி மாட்டிக்கொண்டு மக்கள் வேலைக்குப் போனார்கள். அந்த முதல் தடவையே ஒன்றரைக் கோடி பவுண்டு சேர்ந்தது.

மூக்கு மாட்டியபின் மேனேஜர் யார், குமாஸ்தா யார்? நமக்கு இது புதிதில்லை. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் மஞ்சள் துணியில் மடிப்பிச்சை எடுத்துத்தானே காணிக்கை சேர்ப்பார்? கேட்கிறவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டால் கொடுக்கிறவருக்கு மிரட்டல் போய்விடுகிறது.

ஆஸ்திரேலியர்கள் இதில் இன்னொரு படி ஏறினார்கள். 2003இல் மெல்போர்னில் 30 நண்பர்கள், வழக்கொழிந்த மீசையை நவம்பர் மாதம் முழுதும் வளர்ப்பது என்று விளையாட்டாகத் தொடங்கினார்கள். மறு ஆண்டு சுமார் 450 பேர் சேர்ந்து, புராஸ்டேட் புற்றுநோய்க்காக 54,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். இதுதான் மூவெம்பர். பக்கத்து மேசைக்காரர் "என்னப்பா இது மீசை?" என்று கேட்பார். அந்தச் சாக்கில், ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோயைப் பற்றிப் பேச்சு எழும். பணத்தைவிட அந்தப் பேச்சு பெரியது என்பேன்.

கடைசியாக ஒரு காபி. தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டக்ளஸ் மாக்மில்லன் என்ற அரசு ஊழியர் 1911இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது 1990இல் ஓர் எளிய காபி சந்திப்பை நடத்தியது: காபி குடியுங்கள், அதற்கான காசை உண்டியலில் போடுங்கள். 1991இல் நாடு முழுவதும் சுமார் 2,600 பேர் நடத்தினார்கள். இன்றைக்கு ஆபீஸ்தோறும் செப்டம்பரில் நடக்கிறது. இதுவரை சேர்ந்தது 20 கோடி பவுண்டுக்கும் மேல். புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்கு அது சம்பளமாகிறது.

ஆக, என் உறவினருக்குப் பதில் இதுதான். நேராகக் கொடுப்பது நல்லதுதான். தனியாக இருக்கும்போது அப்படியே கொடுங்கள். பலரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், பெரியவர் சின்னவர் பயம் இல்லாமல் கொடுக்கத்தான் அந்தக் கூத்து.

அதனால் ஆபீசில் இதை நடத்தும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பட்டியல் ஒட்டாதீர்கள். மூடிய உண்டியல் போதும். கேட்காமல் சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள். ஹவுஸ்கீப்பிங் அம்மாவையும் செக்யூரிட்டி அண்ணனையும் விளையாட்டில் சேருங்கள். அவர்களிடம் காசு கேட்காதீர்கள். டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் ஆன செலவு, வசூலைத் தின்றுவிடக் கூடாது. இல்லத்துப் பிள்ளைகளை நன்றி சொல்ல வைத்துப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அது கம்பெனியின் கடமை. உங்கள் சட்டைப்பையிலிருந்து வரும் காசு வேறு கணக்கு. இரண்டையும் கலக்க விடாமல், "நாங்கள் சேர்த்த அளவுக்கு நீங்களும் போடுவீர்களா?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

வசூல் முடிந்ததும் எவ்வளவு வந்தது, எங்கே போனது, என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஹோல்போலின் வில்லை வாங்கியவர்கள் கோல்டிங்கில் ஓர் ஆஸ்பத்திரியைக் கண்ணால் பார்த்தார்கள். 

உங்கள் ஆபீசில் எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.