கட்டாய மருத்துவக் காப்பீடு (அமெரிக்கா)

ஒவ்வொருவரும் மருத்துவக் காப்பீட்டு பாலிசி வைத்திருந்தே ஆக வேண்டும், இல்லையேல் வருமான வரியோடு சேர்த்து அபராதம் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டு வலியுறுத்தும் ஏற்பாடு கட்டாய மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006-இல் இதற்குச் சட்டம் இயற்றியது. 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சுகாதாரச் சட்டத்தின்படி, 2014 ஜனவரி முதல் அது நாடு முழுவதற்கும் வந்தது. இதனால் மக்களின் செலவு கூடியதா, குறைந்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மாதப் பிரீமியம், சிகிச்சையின்போது கையிலிருந்து போகும் பணம், அரசு தரும் மானியம் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கட்டாயம் ஏன் தேவைப்பட்டது

வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே நிறுவனம் வழியாகவே காப்பீடு கிடைக்கிறது. முதியோருக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டங்கள் உண்டு. இவற்றில் எதிலும் சேராத சிறு வியாபாரிகள், சுயதொழில் செய்வோர், இடைக்காலத்தில் வேலை இழந்தோர் ஆகியோர் தாமாகவே பாலிசி வாங்க வேண்டும். கட்டாயத்தின் முக்கியத் தாக்கம் இந்தத் தனிநபர் சந்தையில்தான்.

புதிய சட்டத்துக்கு முன், பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்கள் விண்ணப்பித்தவரின் நோய் வரலாற்றைப் பார்த்தே பாலிசி கொடுத்தன. புற்றுநோய் வந்து போனவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் கதவை அடைத்துவிட முடிந்தது. நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, கூடுதல் பிரீமியம் கேட்கவும் கூடாது என்று ஆணையிட்டால் அந்த அநீதி தீரும். ஆனால் நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். உள்ளே நோயாளிகள் மட்டும் மிஞ்சப் பிரீமியம் ஏறும். ஏற ஏற இன்னும் சிலர் விலகுவார்கள். முதியவர்கள் காப்பீடு பெறுவதில் உள்ள சிரமத்தை உதாரணமாக வைத்து இந்தச் சிக்கலைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே விளக்கியிருந்தார்.

இது ஏட்டளவிலான அச்சம் அல்ல. வாஷிங்டன் மாநிலம் 1993-இல் இந்த விதிகளைக் கட்டாயத்தோடு சேர்த்தே இயற்றியது. 1995-இல் கட்டாயத்தை நீக்கிவிட்டு, யாரையும் மறுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. 1999 இறுதியில் அம்மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் புதிதாகத் தனிநபர் பாலிசி வாங்க வழியே இல்லாமல் போனது.

நியூயார்க்கின் அனுபவம் இன்னும் தெளிவானது. 1993 முதல் அங்கே எந்த நோயாளியையும் மறுக்க முடியாது. வயதுக்கு ஏற்ப விலை வைக்கவும் முடியாது. கட்டாயமும் இல்லை. இருபது ஆண்டுகளில் தனிநபர் சந்தை சுருங்கிச் சுருங்கி, பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போனது. கட்டாயமும் மானியமும் வரப்போவதை எதிர்பார்த்து 2014-க்கான புதிய கட்டணங்களை நிறுவனங்கள் தாக்கல் செய்தபோது, அவை பழைய கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தன.

மாசசூசெட்ஸ் கணக்கு

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ஹாக்மன், கோல்ஸ்டாட், கோவால்ஸ்கி மூவரும் 2015-இல் வெளியிட்டது. மாசசூசெட்ஸ் சீர்திருத்தத்துக்குப் பின் தனிநபர் சந்தையில் ஆரோக்கியமானவர்கள் வந்து சேர்ந்ததால் சராசரிச் சிகிச்சைச் செலவு 8.7 சதவீதமும், பிரீமியம் 23.3 சதவீதமும் குறைந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். செலவைவிடப் பிரீமியம் அதிகமாகக் குறைந்ததைக் கவனிக்க வேண்டும்: நிறுவனங்கள் வைத்திருந்த லாப விகிதமும் சேர்ந்தே இறங்கியிருக்கிறது. அம்மாநிலம் 2007-இல் தனிநபர் சந்தையைச் சிறு நிறுவனங்களின் சந்தையோடு இணைத்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்; பிரீமியம் குறைந்ததில் அதற்கும் பங்கிருக்கலாம்.

நாடு முழுவதும் நடந்தது

தேசிய அளவில் படம் வேறு. மத்திய அரசின் காப்பீட்டு இணையதளத்தைப் பயன்படுத்திய மாநிலங்களில் தனிநபர் பாலிசியின் சராசரி மாதப் பிரீமியம் 2013-இல் 232 டாலர். 2017-இல் 476 டாலர். நான்கே ஆண்டில் இரு மடங்கு. சட்டத்தை எதிர்ப்பவர்களின் வலுவான ஆதாரம் இதுதான். அதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்த உயர்வைக் கட்டாயத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. 2013-இன் மலிவான பாலிசிகள் நோயாளிகளைத் தள்ளிவிட்டு மலிவானவை. பலவற்றில் பிரசவச் செலவுகூடக் கிடையாது. புதிய சட்டம் பிரசவம், மனநலச் சிகிச்சை, மருந்து உட்படப் பத்து வகைச் சேவைகளைப் பாலிசியில் சேர்க்கச் சொன்னது. நோயாளிகளை உள்ளே விடச் சொன்னது. முதியவருக்கு வைக்கும் விலை இளைஞரின் விலையைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. அதனால் 27 வயது ஆரோக்கியமான இளைஞர் கூடுதலாகக் கட்டினார். 58 வயது இதய நோயாளி முதன்முறையாக, கட்டக்கூடிய விலையில் பாலிசி பெற்றார். இருவருமே நுகர்வோர்தான்.

கட்டாயம் போதிய வலுவோடும் இல்லை. 2016-இல் அபராதம் 695 டாலர் அல்லது வரி வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் 2.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதிக்கும் தனி ஆளின் அபராதம் சுமார் 991 டாலர். அவருக்கு மானியம் கிடையாது. தனி ஆளுக்கு மானியம் ஏறத்தாழ 47,000 டாலர் வருமானத்தோடு நின்றுபோனது. மிக மலிவான வெண்கல வகைப் பாலிசியின் தேசியச் சராசரி ஆண்டுக்கு 2,676 டாலர். அதை வாங்கினாலும், காப்பீடு கைகொடுக்கும் முன் 5,000 டாலருக்கு மேல் தாமே செலவழிக்க வேண்டியிருந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே நின்றவரைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இந்த நடுத்தர வருமானக்காரரின் நிலைதான் என்றே சொல்ல வேண்டும்.

மானியம் பெற்றவர்களின் நிலை நேர் எதிர். அவர்கள் கட்டுவது வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு மட்டுமே. மீதியை அரசு ஏற்கிறது. பிரீமியம் இரு மடங்கானாலும் அந்தச் சுமை வரிப்பணத்தின் மீது விழுந்தது.

சிகிச்சையின் விலை

காப்பீடு இல்லாதவர்கள் அவசரப் பிரிவில் வந்து குவிகிறார்கள், அந்தச் செலவு மற்றவர் தலையில் விழுகிறது, எல்லோருக்கும் காப்பீடு தந்தால் அது குறையும் என்பது ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். ஆனால் ஒரிகன் மாநிலம் 2008-இல் மெடிக்கெய்ட் இடங்களைக் குலுக்கல் முறையில் வழங்கியபோது, காப்பீடு பெற்றவர்கள் அவசரப் பிரிவுக்குச் சென்றது ஏறத்தாழ 40 சதவீதம் அதிகரித்தது. அதே நேரத்தில், குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவச் செலவு அவர்களிடையே அநேகமாக மறைந்தது. மருத்துவமனை ஒரு ஸ்கேனுக்கு என்ன விலை வைக்கிறது, மருந்து நிறுவனம் இன்சுலினுக்கு என்ன கேட்கிறது என்பதைக் கட்டாயம் தொடுவதே இல்லை. விலை குறைய வேண்டுமென்றால் விலையின் மீதே கை வைக்க வேண்டும்.

அபராதம் நீங்கிய பின்

அபராதத்தை ஒரு வகை வரியாகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் 5-4 என்ற கணக்கில் ஏற்றது. ஆனால் 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம், 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. இதனால் தனிநபர் பிரீமியம் சுமார் 10 சதவீதம் கூடும், பத்தாண்டுகளில் 1.3 கோடிப் பேர் காப்பீடு இழப்பர் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. பிரீமியம் 2018-லேயே கடுமையாக ஏறியிருந்தது. 2019-இல் சற்றே இறங்கவும் செய்தது. சந்தை சரியவில்லை. ஆட்களை உள்ளே பிடித்துவைத்தது அபராதத்தைவிட மானியம்தான் என்பது அப்போது தெரிந்தது.

அபராதத்துக்கு வேறொரு பலனும் இருந்தது. முந்தைய ஆண்டு அபராதம் கட்டிய சுமார் 39 லட்சம் குடும்பங்களுக்கு வரித்துறை 2017 தொடக்கத்தில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பியது. பணப் பற்றாக்குறையால் ஏறத்தாழ 6 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போகவில்லை. இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கடிதம் பெற்றவர்கள் அதிகமாகக் காப்பீட்டில் சேர்ந்ததையும், 45 முதல் 64 வயதுக்குட்பட்டோரிடையே இறப்பு குறைந்ததையும் கண்டனர்.

இன்று மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, கலிபோர்னியா, ரோட் ஐலண்ட் மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சொந்தமாக அபராதம் விதிக்கின்றன. கலிபோர்னியா 2020-இல் கட்டாயத்தைக் கொண்டுவந்தபோது, மத்திய மானியம் எட்டாத நடுத்தர வருமானக்காரர்களுக்கும் மாநில மானியத்தைச் சேர்த்தே அறிவித்தது.