கிராணியின் பேனா

எங்கள் வீட்டில் மூன்று பிறப்புப் பத்திரங்கள் இருக்கின்றன. அப்பா, சித்தப்பா, அத்தை. மூவருக்கும் தகப்பன் ஒருவர்தான். ஆனால் தாத்தாவின் பெயர் மூன்றிலும் மூன்று விதம். "யார் பாட்டி இப்படி எழுதினா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "ஆபீஸ்ல எழுதினதுய்யா. நமக்கு என்னா தெரியும்?"

தோட்டத்து வரலாற்றை மரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1877ல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு பேராக் முழுக்கத் தோட்டங்கள் பரவின. நான் பேனாவிலிருந்து தொடங்குகிறேன்.

துரைக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி, அடியில் வெட்டுக்காரர்கள். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோலில் பெயர் ஏறினால்தான் கூலி. பால் வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பட்டையைச் சீவ வேண்டும், உளி கட்டையில் படக்கூடாது. அவ்வளவு தேர்ந்த கை, எத்தனை வருடம் வெட்டினாலும் கிராணி மேசைக்குப் போகாது. அங்கே ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தார்கள். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, மேசைக்கு வழி வரவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேமிப்பிலேயே தோட்டம் வாங்குவது திட்டம். பல இடங்கள் பிழைத்தன. மற்றவை செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்தை விட்டவர்கள் பட்டணங்களின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

1996ல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1999ல் சைபர்ஜெயா திறக்கப்பட்டது. அது கோலாலம்பூருக்குத் தெற்கே. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. ஆனாலும் படித்து முடித்த நம்ம பசங்க பலர் வேலைக்குப் பஸ் ஏறத்தான் வேண்டியிருந்தது.

இதற்கிடையில் வேறொன்றும் நடந்தது. 1985லேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதையாளருமான நா. கோவிந்தசாமி 1995ல் தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றினார். 1999ல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமானது. 2001ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழை எழுத இடம் கொடுங்கள் என்று இவர்கள் யாரிடமும் காத்து நிற்கவில்லை. தாங்களே மேசை போட்டுக்கொண்டார்கள்.

இப்போது நீங்கள் ஒரு நிறுவனத்தில் வெப் டெவலப்பராகச் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் சம்பளம், முதல் பயம். பெரிய வேலை எதுவும் கையில் வராது. ஒரு பொத்தான், ஒரு படிவம். 'பெயர்' என்றொரு கட்டம், 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம், இரண்டும் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாளக் கார்டில் இருப்பது ஏ/எல், ஏ/பி என்ற சாய்கோடு. அதை அப்படியே தட்டினால் 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் வரும். விமான டிக்கெட் எடுக்கும்போது இதை அனுபவிக்காத மலேசியத் தமிழர் குறைவு.

அந்தச் சிவப்பு வரியை வேண்டுமென்று யாரும் எழுதவில்லை. எங்கோ ஒருவர், தன் ஊர்ப் பெயர்களை மட்டும் நினைத்து எழுதியிருப்பார். கிராணியும் அப்படித்தான்; காதில் விழுந்ததை எழுதினார். அவர் கெட்டவர் என்று பாட்டிகூடச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ய அப்பா எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும்.

கிராணி மேசைக்கும் இந்த மேசைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதன் பாடங்கள் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் எந்த வலைப்பக்கத்தின் நிரலையும் உலாவியில் திறந்து பார்க்கலாம். செக்ரோலை வெட்டுக்காரர் அப்படித் திறந்து பார்த்திருக்க முடியாது.

ஆகவே புதிதாகச் சேர்பவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. படிவத்தை எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமல்லவா? உங்கள் தாத்தா பெயரை, சாய்கோட்டோடு, தமிழிலும் ஒருமுறை, போட்டுப் பாருங்கள்.