யப்பானிய வாட்காப்புகளும் நாட்டு மரபுகளும்

யப்பானிய வாள் என்றவுடன் யாவரும் அதன் அலகினையே எண்ணுவர். அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே நின்று, கை வழுக்காது காக்கும் உள்ளங்கையளவான தகட்டை உற்று நோக்குவார் சிலரே. யப்பானியர் அதனைச் 'சுபா' என்பர். நாம் வாட்காப்பு எனலாம். அதன் நடுவே வாளின் அடித்தண்டு நுழையும் துளை உண்டு. மருங்கிலே சிறு கத்தியும் கூந்தலூசியும் செல்லுதற்கு ஒன்றோ இரண்டோ துளைகள் இருத்தலுங் கூடும். இத்துணைச் சிறிய பொருளைக் கண்டு, இஃது இன்ன மாகாணத்துக் கொல்லன் செய்தது என எங்ஙனம் துணிவது?

இவ்வினா பொழுதுபோக்கிற்காக எழுந்ததன்று. 1876ஆம் ஆண்டிலே மெய்ஜி அரசாங்கம், படையினரும் பொலிசாரும் போன்ற சிலரொழிய ஏனையோர் வாள் தரித்து வெளிச்செல்லலாகாதெனத் தடை விதித்தது. அதன்பின் எண்ணற்ற காப்புகள் வாளினின்றும் கழற்றப்பட்டு, விற்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. பிறந்த ஊரைச் சொல்ல வாளும் இல்லை, உடையவனும் இல்லை. எஞ்சிய சாட்சி அவ்வுலோகமே.

பெயர் பொறித்திருக்குமே என்பீராயின், பழைய இரும்புக் காப்புகளுட் பெரும்பாலன பெயரற்றவை. பெயருள்ளவற்றையும் எளிதில் நம்புதற்கில்லை. ஓமி மாகாணத்து ஹிக்கோனே நகரில் வாழ்ந்த சோட்டென் என்பவர், போர்வீரர், சீன ஞானியர் முதலியோரின் உருவங்களை ஊடறுத்துச் செதுக்கிப் பொன் பதித்த காப்புகளாற் புகழ் பெற்றார். புகழ் பரவவே அவர் பெயரும் ஊரும் கொண்ட பொறிப்பும் பரவிற்று. அப்பொறிப்புடையவற்றுள் மிகப்பல பிறர் கைவேலை. 'ஐஸு சோட்டென்' என்று போலிக்கே ஒரு தனிப்பெயர் வழங்கலாயிற்று! ஆகவே, எழுத்தை விட்டு இரும்பைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஓவாரியையும் கியோட்டோவையும் ஒப்பிட்டு நோக்குவாம். இரண்டிடத்தும் இரும்புத் தகட்டை ஊடறுத்து உருவம் அமைத்தலே வழக்கம். ஓவாரிக் காப்பு உறுதியானது. அதன் உருவம் இடமும் வலமும் ஒத்து நிற்கும். விளிம்பிலே எலும்புபோலக் கடினக் கட்டிகள் புடைத்துத் தோன்றும். இவற்றை 'தெக்கொத்சு', அதாவது இரும்பெலும்பு என்பர். தட்டி வளர்த்த இரும்பினுள் முற்றும் கலவாது நின்ற வன்பகுதிகளே இவை. கியோட்டோக் காப்போ மெல்லிய கோடும் நுண்ணிய வளைவும் வழவழப்பான மேனியும் உடையது. முன்னதைப் போர்வீரன் விரும்பியிருப்பான். பின்னதை அரசவையார் விரும்பியிருப்பர். எமக்கு முன்னதே பிடிக்கும்.

சரித்திர மாணவனுக்கு மிக இனிப்பது தெற்கேயுள்ள ஹிகோ மாகாணம், இன்றைய குமமோட்டோ. 1632இல் ஹோசொகாவா குடும்பம் இந்நாட்டைப் பெற்றது. அக்குடும்பத்து முதியவரான தடவோக்கி (1563–1646) போர்க்களம் பல கண்டவர்; தேநீர்க் கலையில் சென் நோ ரிக்கியுவின் நேர்மாணவர். யட்சுஷிரோக் கோட்டையில் முதுமையைக் கழித்த அவரின் ஆதரவிலே ஹிராத்தா, நிஷிகாக்கி, ஷிமிசு ஆகிய கொல்லர் குடும்பங்கள் தழைத்தன. ஹயாஷி மட்டஷிச்சியோ துப்பாக்கி செய்யும் மரபில் வந்தவர். இருண்டு மினுக்கும் இரும்பு, தொடுதற்கு மிருதுவான விளிம்பு, துணி நெய்தாற்போல நுண்கோடு கீறி அதன்மேல் அடித்துப் பதித்த சிறிதளவு பொன் என்பன ஹிகோவின் அடையாளங்கள். பொன் இருந்தும் அள்ளிப் பூசவில்லை. தேநீர்க் குடிலின் அடக்கம் வாளிலும் ஏறிவிட்டது.

செக்கிகஹாராப் போரின் பின், 1600இல், மோரிப் பிரபுக்களின் பரந்த நாடு இரண்டு மாகாணங்களாய்ச் சுருங்கியது. அவர்தம் ஹாகி நகரத்துச் சோஷுக் காப்புகளில் செடியும் நிலக்காட்சியும் கரிய இரும்பிலே புடைப்பாகச் செதுக்கப்பட்டன. மயேடாப் பிரபுக்களின் காகா நாடு, உலோகத்துள் உலோகத்தை மட்டமாய்ப் பதிக்கும் வேலைக்குப் பேர்போனது; குதிரையின் அங்கவடியிலும் இவ்வேலையைக் காணலாம்.

எனினும் எல்லாக் காப்பும் ஊரைக் காட்டும் என்று கொள்ளற்க. 1635 முதல் பிரபுக்கள் முறைவைத்து எடோ நகரில் வந்திருத்தல் சட்டமாயிற்று. அங்கே சபைக்குரிய வாளுக்குக் கோட்டோ குடும்பத்துப் பாணியே ஏற்றதாயிருந்தது: செம்பிற் சிறிது பொன் கலந்த 'ஷாக்குடோ' என்னும் கருமை உலோகம், அதன்மேல் மீன்முட்டை போன்ற நெருங்கிய புள்ளிகள். இத்தகையதைக் கண்டு மாகாணம் தேடுதல் வீண்முயற்சி. கொல்லரும் எடோவுக்குச் சென்று பயின்று மீண்டனர், பாணிகள் கலந்தன.

குடும்பப் பெயரும் இவ்வாறே மயக்கும். கியோட்டோவிலிருந்து கிளைத்த ஷோஆமி மரபினர் ஐயோ, ஐஸு, அகித்தா எனப் பல திசையிலும் குடியேறினர். வடக்கே அகித்தாவில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, ஷோஆமி டெம்பெய் என்பவர் நிறம் வேறுபட்ட உலோகத் தகடுகளை அடுக்கி ஒன்றாக்கி, அதனைக் குடைந்து சுருள் சுருளாய் வரிகள் தோன்றச் செய்தார். குடும்பப் பெயர் கியோட்டோவினது. ஆனால் அவ்வரிகளை அங்குள்ள ஷோஆமிகளின் பழைய இரும்பிலே தேடினாற் கிடையா.