எதிரில் வரும் ரயிலுக்கு எங்கே வழிவிடணும்? 9-ம் வகுப்பு வரைபடக் கணக்கிலேயே இருக்கு பதில்!

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகும் ரயிலில் பயணம் செய்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும். ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் நகராது. "என்னப்பா ஆச்சு?" என்று யாராவது கேட்டால், "எதிர்ல வண்டி வருது, கிராஸிங்" என்று பக்கத்து சீட்டிலிருந்து பதில் வரும்.

1960-களில் மீட்டர் கேஜாகப் போடப்பட்டு, 2013-ல் அகலப்பாதையாக மாறிய தடம் இது. சென்னை - செங்கோட்டை சிலம்பு எக்ஸ்பிரஸ் போவதும் இதில்தான். கேஜ் மாறினாலும் ஒற்றைத் தண்டவாளம் ஒற்றைத் தண்டவாளமாகவே இருக்கிறது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் மட்டும்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். அப்படியானால் எந்த வண்டியை, எந்த ஸ்டேஷனில், எத்தனை நிமிஷம் நிறுத்துவது?

இதைக் கண்டுபிடிக்கும் வழி 9-ம் வகுப்பு இயற்கணிதப் பாடத்தில் இருக்கிறது. 'இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளை வரைபட முறையில் தீர்த்தல்' என்று தலைப்பைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ரயிலை வைத்துப் பார்த்தால் அவ்வளவு பயம் தேவையில்லை.

ரெண்டு வண்டி, ரெண்டு கோடு

விருதுநகர் - மானாமதுரை தூரத்தை 66 கி.மீ. என்று முழு எண்ணாக எடுத்துக்கொள்வோம். வண்டிகளும் வேகமும் நம் கற்பனை.

காலை 10 மணிக்கு விருதுநகரிலிருந்து ஒரு வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. அதாவது 2 நிமிஷத்துக்கு 1 கி.மீ. அதே 10 மணிக்கு மானாமதுரையிலிருந்து இன்னொரு வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரே வருகிறது. இது நிமிஷத்துக்கு 1 கி.மீ.

10 மணியிலிருந்து கடந்த நிமிஷங்களை 'எக்ஸ்' என்றும், விருதுநகரிலிருந்து வண்டி இருக்கும் தூரத்தை 'ஒய்' என்றும் வைத்தால், முதல் வண்டிக்கு ஒய் = எக்ஸ் ÷ 2. இரண்டாவது வண்டிக்கு ஒய் = 66 − எக்ஸ். இங்கே பலர் தடுமாறுவார்கள். இரண்டாவது வண்டிக்கு ஏன் கழித்தல்? அது விருதுநகரை நோக்கி வருகிறது, அதனால் நேரம் ஆக ஆக விருதுநகரிலிருந்து அதன் தூரம் குறைகிறது. அவ்வளவுதான்.

இனி கிராஃப் ஷீட்டை எடுங்க. கிடைமட்டத்தில் நேரம், 1 செ.மீ. = 10 நிமிஷம். செங்குத்தில் தூரம், 1 செ.மீ. = 10 கி.மீ. இந்த அளவுத்திட்டத்தை மேலே வலது ஓரத்தில் எழுதிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வி எழுதும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

முதல் வண்டிக்கு (0, 0), (20, 10), (40, 20) ஆகிய புள்ளிகளைக் குறித்து ஸ்கேல் வைத்து இணைத்தால் மேலே ஏறும் கோடு கிடைக்கும். இரண்டாவது வண்டிக்கு (0, 66), (20, 46), (40, 26). இது கீழே இறங்கும் கோடு. ஒரு நேர்கோடு போட இரண்டு புள்ளிகளே போதும். மூன்றாவது எதற்கு என்றால், கணக்கில் தப்பு இருந்தால் அது கோட்டை விட்டு விலகி நின்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் (44, 22). அதாவது 10.44 மணிக்கு, விருதுநகரிலிருந்து 22-வது கி.மீ.யில் இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் இருக்கும். சரிபார்க்க: 44-ல் பாதி 22. 66-ல் 44 போனாலும் 22. இரண்டு சமன்பாட்டுக்கும் பொருந்துகிறது. நோட்டில் 'தீர்வு (44, 22)' என்று எழுதிக் கட்டம் போட்டுவிடலாம்.

ஆனா, அங்கே ஸ்டேஷன் இல்லையே!

பரீட்சைக்குக் கணக்கு இங்கே முடிந்தது. ரயில்வேக்கு இங்கேதான் ஆரம்பம். அருப்புக்கோட்டை 20-வது கி.மீ.யில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 22-வது கி.மீ. என்பது ஊரைத் தாண்டிய வெறும் காடு. கருவேல மரத்துக்கு நடுவே இரண்டு வண்டிகள் சந்திக்கக் கூடாது.

முதல் வண்டி அருப்புக்கோட்டைக்கு 40-வது நிமிஷத்தில் வந்துவிடும். அங்கேயே நிறுத்திவிட்டால்? நிற்கும் வண்டிக்கு நேரம் ஓடும், தூரம் மாறாது. எனவே வரைபடத்தில் அது ஒய் = 20 என்ற படுக்கைக் கோடு. எதிர் வண்டியின் கோடு இதை வெட்டும் இடம் (46, 20). ஆக, 6 நிமிஷம் நிறுத்தினால் போதும். வெட்டும் புள்ளி காட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நகர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன 'கிராஸிங்' இதுதான்.

'பிரதியிடல் முறை, நீக்கல் முறையில் ரெண்டே வரியில விடை வந்துடுமே, கிராஃப் எதுக்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பென்சில் முனை தடிமனாக இருந்தாலே வரைபடத்தில் விடை கொஞ்சம் நகர்ந்துவிடும், விடை பின்னமாக வந்தால் இன்னும் சிரமம். இரண்டு வண்டிக்கு இயற்கணிதம்தான் சுலபம். ஆனால் நாள் முழுக்கப் பல வண்டிகள் ஓடும் தடத்தில் ஜோடி ஜோடியாகச் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரே தாளில் எல்லாக் கோடுகளையும் வரைந்தால், எங்கே முட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் செய்வதும் இதையேதான். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் ஸ்டேஷன்கள் போட்ட பெரிய சார்ட்டில் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் பென்சிலால் கோடு இழுத்து வந்தார்கள். இப்போது அதே கோடுகள் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகின்றன. பாரிஸ் - லியோன் ரயில்களை இப்படிக் கோடுகளாகக் காட்டும் படத்தை எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டிலேயே தன் புத்தகத்தில் வெளியிட்டார். இதற்கெல்லாம் அடிப்படையான வடிவியலை ரெனே டெகார்ட் 1637-ல் எழுதினார்.

ஆனால் சார்ட் என்பது திட்டம் மட்டும்தான். ஒரு பகுதிக்குள் ஒரு வண்டி இருக்கும்போது எதிரிலிருந்து இன்னொன்று நுழையாமல் தடுப்பது சிக்னலும், இரு முனை ஸ்டேஷன் மாஸ்டர்கள் வாங்கும் 'லைன் கிளியர்' அனுமதியும். வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓட்டுநர் ஓடும் வண்டியிலிருந்தே பிடித்துக்கொள்வதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் இதற்குத்தான். 1999 ஆகஸ்ட் 2-ம் தேதி மேற்கு வங்கத்தின் கைசாலில் இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதி 280-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கோடுகள் சந்திக்கவே இல்லைன்னா?

முதல் வண்டி போன 20 நிமிஷம் கழித்து, அதே வேகத்தில் அதே திசையில் இன்னொன்று கிளம்பினால் இரண்டும் இணைகோடுகள். எங்கேயும் வெட்டாது. பாடப்புத்தகம் இதை 'தீர்வு இல்லை' என்கிறது. ஒரு சமன்பாட்டையே இரண்டால் பெருக்கி வேறு சமன்பாடு போலக் கொடுத்தால் கோட்டின் மேல் கோடு விழும், அதற்கு 'எண்ணற்ற தீர்வுகள்'.

போட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 20 நிமிஷம் தாமதமாகக் கிளம்பும் அந்தப் பின் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால், முதல் வண்டியை எங்கே பிடிக்கும்? அதன் சமன்பாடு ஒய் = எக்ஸ் − 20. கோடு போட்டால் விடை (40, 20). சரியாக அருப்புக்கோட்டையில்!