குட்டியானையின் விலைத்தாள்: வரிக்கு வரி உரை

மின்சாரச் சரக்கு வண்டி வாங்க நினைக்கும் போளூர்க்காரர், 2025 ஜூனில் வந்த குட்டியானையான டாடா ஏஸ் ப்ரோவின் விலைத்தாளை எப்படிப் படிக்க வேண்டும்? தாளில் நாலே வரிதான். சூட்சுமம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

“பெட்ரோல் 3.99 லட்சம், சி.என்.ஜி.–பெட்ரோல் 4.99, மின்சாரம் 6.50.”

முதலுக்கும் கடைசிக்கும் 2.51 லட்சம் வித்தியாசம். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் எரிபொருளில் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், அதை மீட்க ஏறத்தாழ 84,000 கி.மீ. ஓட்ட வேண்டும். வருஷத்தில் 300 நாள், தினம் 100 கி.மீ. ஓடினால் மூன்று வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். தினம் 40 கி.மீ. மட்டும் லோடு கிடைப்பவருக்கு ஏழு வருஷம் ஆகும்.

“எக்ஸ்-ஷோரூம் விலை.”

இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, தார்ப்பாய் எல்லாம் இதற்கு மேல். மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது இந்த விலையிலேயே அடக்கம். 2025 செப்டம்பரில் பெட்ரோல் சரக்கு வண்டியின் வரி 28லிருந்து 18க்கு இறங்கியது. மின் வண்டியின் வரி அதே 5தான். ஆகவே மேலே சொன்ன இடைவெளி இன்னும் அகன்றது.

“பேட்டரி 14.4 யூனிட், ரேஞ்ச் 155 கி.மீ.”

இது சோதனையில் வந்த கணக்கு. ஜமுனாமரத்தூர் மலைப்பாதைக்கு வேறு கணக்கு. லோடோடு ஒன்றரை டன் எடையை 500 மீட்டர் உயரம் ஏற்ற மட்டுமே 2 யூனிட் வேண்டும். பேட்டரியில் ஏழில் ஒரு பங்கு. தூரத்துக்கான செலவும் மோட்டாரில் வீணாவதும் தனி. இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். சாமையும் புளியும் ஏற்றி இறங்கும் வண்டிக்கு அந்த வரவு கூடுதல்.

பெரிய பேட்டரி கேட்டால் விலையும் ஏறும். மஹிந்திராவின் மின் சரக்கு வண்டியான ஸீயோ 2024 அக்டோபரில் 18.4, 21.3 யூனிட் என இரண்டு பேட்டரிகளில் வந்தது. அப்போது ஆரம்ப விலையே 7.52 லட்சம்.

“பாரம் 750 கிலோ.”

50 கிலோ நெல் மூட்டை என்றால் பதினைந்து. இருபது ஏற்றிப் பழகிய கைக்கு இது நெருடும். கூட ஏற்றினால் மேலே போட்ட ரேஞ்ச் கணக்கும் சேர்ந்து சரியும்.

ஆக, நிறைய ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். நிறைய ஓடவோ சார்ஜ் விடாது. தினமும் ஒரே வழியில் போய், நடுவில் லோடு இறக்கும் நேரத்தில் சார்ஜ் போட இடமுள்ளவருக்கே 6.50 லட்சம் தகும். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும் வாடகை வண்டிக்கு இப்போதைக்குப் பெட்ரோலே மேல்.